பார்த்தேன், உதவினேன், செய்தேன்

எங்கள் மருத்துவமனையில் கல்வெட்டு இல்லாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது நோயாளிதான். தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, சைக்கிள் கொட்டகைக்கு ஒன்று, எக்ஸ்ரே அறைக்கு இரண்டு. அங்கே ஒன்று திறந்ததற்கு, மற்றது பழுதுபார்த்து மறுபடி திறந்ததற்கு. எல்லாவற்றிலும் தலைமை மருத்துவரின் பெயர், பட்டங்களோடு. அதனால் அவருக்கே கல்வெட்டு என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது நான் இல்லை. பரப்பியதில் பங்கு உண்டு.

நான் விபத்துப் பிரிவில் தையல் அறையின் பொறுப்பு நர்ஸ். இருபத்திரண்டு வருடம். சட்டப்படி அங்கே டாக்டர்தான் தைக்க வேண்டும், நான் நூலை நறுக்க வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் நானும் தைப்பேன். அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு எலெக்டிவ் என்று ஒன்று இருக்கிறது. கடைசி வருடத்தில் ஆறு வாரம் தங்களுக்குப் பிடித்த ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை பழகலாம். உள்ளூரிலும் போகலாம், கடல் தாண்டியும் போகலாம். எங்கள் பிள்ளைகள் கடல் தாண்டிப் போகிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஆபரேஷன் பார்த்து, கழுத்தில் அட்டையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அங்கே ஒரு ஊசி போட மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். இங்கே நோயாளியிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அப்படி வந்தவன்தான் நாங்கள் அனுபவம் என்று பெயர் வைத்த பையன். அப்பா அம்மா இங்கிருந்து போனவர்கள் என்பதால் நம் பேச்சு நன்றாகப் பேசுவான். எதைக் காட்டினாலும் "நல்ல அனுபவம் சிஸ்டர்" என்பான். சீழ் வடிகிற காலைக் காட்டினால் நல்ல அனுபவம். வரிசையில் நின்ற கிழவர் மயங்கி விழுந்தபோது மிக நல்ல அனுபவம். கெட்டவன் இல்லை. வெள்ளைக் கோட்டைத் தினமும் இஸ்திரி போட்டு மாட்டுவான், சிற்றூழியர்களைக்கூட 'வாங்க, போங்க' என்பான், சிரித்தால் பற்களெல்லாம் பளிச்சென்று இருக்கும். கையில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு.

அந்த நோட்டில்தான் அவன் படிப்பே இருந்தது. ஒவ்வொரு வரியிலும் தேதி, என்ன சிகிச்சை, பிறகு மூன்று கட்டங்கள்: பார்த்தேன், உதவினேன், செய்தேன். கடைசியில் மேற்பார்வை மருத்துவர் கையெழுத்து. 'செய்தேன்' கட்டத்தில் இருபது டிக் விழுந்தால்தான் அவன் கல்லூரியில் எலெக்டிவ் தேறியதாகக் கணக்கு. முதல் நாள் அவன் நோட்டை நீட்டியதும் கல்வெட்டு என்ன செய்தார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேனாவைத் திறந்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, காலியாக இருந்த அத்தனை வரியிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டு முடித்தார்.

"சும்மா சும்மா என்னைத் தேடி அலைய வேண்டாம் பாருங்க தம்பி. நீங்களே நிரப்பிக்குங்க."

"தேங்க்யூ சார். ரொம்பப் பெரிய நம்பிக்கை" என்றான் அனுபவம். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். நம்பிக்கை என்று அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, கண்ணாடி பொருத்துகிறவர் ஒருவர் வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி. ஜன்னல் கண்ணாடி ஒன்று கையில் உடைந்து, கட்டைவிரலுக்கு அடியில், உள்ளங்கைப் பக்கம் ஆழமாகக் கிழித்திருந்தது.

"பார்த்துப் பிடிங்கன்னு நூறு தடவ சொன்னேன் சிஸ்டர்" என்றார் மனைவி.

"நூத்தியோராவது தடவ சொல்லும்போதுதான் திரும்பிப் பார்த்தேன்" என்றார் அவர்.

காயத்தைக் கழுவி, துணி வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். அதே நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டது. புறநோயாளிப் பிரிவில் புதிதாகக் கை கழுவும் தொட்டி திறப்பு. பொறுப்பில் இருக்கிற எல்லோரும் உடனே வர வேண்டும், படம் எடுக்கிறார்கள், கல்வெட்டு காத்திருக்கிறார். பணியிலிருந்த டாக்டர் ஏற்கெனவே போய்விட்டார், தலையைச் சீவிக்கொண்டு.

"தம்பி, நான் வர வரைக்கும் தொடாதீங்க. பத்து நிமிஷம்" என்றேன்.

"நீங்க போங்க சிஸ்டர். நான் பார்த்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. அறுவை அறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கல்வெட்டு சுகாதாரத்தைப் பற்றிப் பேசினார். பிறகு குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. அதற்கும் கை தட்டினோம்.

திரும்பி வந்தபோது ஐந்து தையல்கள் போட்டு முடிந்திருந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது. அவ்வளவு நேர்த்தி, ஒரே இடைவெளி, முடிச்செல்லாம் ஒரே பக்கம். அனுபவம் அதைப் போனில் மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தேன் சிஸ்டர்."

அவன் அதைச் சொன்ன வேகத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் ஏழு பேர் நின்றார்கள். நீல நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 'செய்தேன்' கட்டத்தில் டிக் விழுந்தது. பக்கத்தில் கல்வெட்டின் கையெழுத்து, இரண்டு வாரம் முன்னாலேயே, அவரை மேற்பார்வையாளராக உட்கார வைத்திருந்தது.

ஆறாம் நாள் கட்டுப் பிரிக்க வந்தார் கண்ணாடிக்காரர். காயம் காய்ந்து, ஊசிப் புள்ளிகள் கோலம்போல இருந்தன.

"கட்டைவிரல மடக்குங்க" என்றேன்.

அடிக்கணு மடங்கியது. நுனி அசையவில்லை. கணுவைப் பிடித்துக்கொண்டு மறுபடி மடக்கச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நுனி குச்சி மாதிரி நேரே நின்றது.

"வீக்கம் வடிஞ்சா சரியாயிடும்னு தம்பி சொன்னாரே சிஸ்டர்" என்றார். "பிடிமானமே இல்ல. நேத்து டம்ளரைத் தூக்கினேன், நழுவிப் போச்சு. இந்தக் கையால எப்படிக் கண்ணாடி தூக்கறது?"

விரலை மடக்க உள்ளே ஒரு கயிறு இருக்கிறது, டெண்டன். அது அறுந்திருந்தது. அறுந்ததைப் பார்க்காமலே மேலே தோலை அழகாகத் தைத்து மூடியிருந்தான். அறுந்த முனை ரப்பர் போல மணிக்கட்டுக்குள் சுருங்கிக்கொண்டே போகும். முதல் பத்து நாளுக்குள் திறந்து இழுத்துத் தைத்தால் விரல் பிழைக்கும். மூன்று நான்கு வாரம் போனால் வேறு இடத்திலிருந்து டெண்டன் எடுத்து ஒட்ட வேண்டும், அப்போதும் பாதிதான். அதைச் செய்கிற கை அறுவைப் பிரிவு நான்கு மணி நேரப் பஸ் தூரத்தில். தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் அங்கே பெஞ்சில்கூட உட்கார விடமாட்டார்கள். கடிதப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: முதல் சிகிச்சை செய்தவர், மேற்பார்வை செய்தவர்.

நேரே கல்வெட்டின் அறைக்குப் போனேன்.

"வீக்கம் இருந்தா எந்த விரலும் மடங்காது சிஸ்டர். ரெண்டு வாரம் போகட்டும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வீக்கமே இல்ல சார். ரெண்டு வாரத்துல டெண்டன் உள்ளே ஓடிடும்."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"உங்க பின்னாடி நின்னுதான் சார்."

தலையைத் தூக்கினார். விஷயம் அவருக்குப் புரியாமல் இல்லை. படிவத்தில் செய்தவர் அனுபவம் என்றால் மேற்பார்வை அவர். மேற்பார்வை செய்த நேரத்தில் அவர் தண்ணீர் வராத குழாயைத் திருகிக்கொண்டிருக்கிற படம் வாசல் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது. அடுத்த மாதம் அனுபவத்தின் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருடத்துக்கு நாற்பது மாணவர்களை இங்கே அனுப்ப ஒப்பந்தம். அதற்கான கல்வெட்டுக்குக் கல் வந்து இறங்கிவிட்டது.

"பிசியோதெரபி எழுதித் தரேன்" என்றார்.

அன்று மதியம் அனுபவத்தைப் பிடித்தேன். மாணவர் அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். எலெக்டிவ் முடிந்ததும் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையாம். எனக்காக நம் பேச்சில் மாற்றிப் படித்துக் காட்டினான்.

"வசதிகள் குறைந்த இடத்தில் மனசு நிறைந்த மனிதர்களைச் சந்தித்தேன். அவர்களுக்கு நான் கொடுத்ததைவிட அவர்கள் எனக்குக் கொடுத்தது அதிகம்... எப்படி இருக்கு சிஸ்டர்?"

"உண்மைதான். ஒருத்தர் கட்டைவிரலையே கொடுத்திருக்காரு."

சொன்னேன். கேட்டவுடன் முகம் வெளுத்தது. அதுவரைக்கும் எனக்கு நம்பிக்கை இருந்தது. முகம் வெளுக்கிறவன் பாதி மனிதனாவது இருப்பான்.

"நான் மடக்கச் சொன்னேன் சிஸ்டர். வலிக்குதுன்னாரு. விட்டுட்டேன்."

"சரி. தப்பு எல்லாரும் பண்றதுதான். நானும் பண்ணியிருக்கேன், ரூமை விட்டுப் போனதும் என் தப்புதான். இப்ப நீங்க ஒரு வேலை பண்ணுங்க. அந்த நோட்டை எடுத்துட்டுப் போயி, 'நான்தான் தைச்சேன், சோதிக்கல, இவரை உடனே அனுப்புங்க'ன்னு சார்கிட்ட எழுதிக் கொடுங்க. நீங்களே எழுதிட்டா அவரால மறைக்க முடியாது."

"எழுதினா எலெக்டிவ் ஃபெயிலாயிடும். பட்டமே ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"அவருக்கு விரல் ஆயுசுக்கும் தள்ளிப்போகும்."

மடிக்கணினியை மூடினான். "நிறைய யோசிக்கணும் சிஸ்டர். பார்க்கப் போனா இது தனி ஆள் தப்பு இல்ல. சிஸ்டம் ஃபெயிலியர்."

"சிஸ்டம் ஊசி பிடிக்கலயே தம்பி."

"நாளைக்குக் காலையில சார்கிட்ட பேசறேன். ப்ராமிஸ்."

பேசினான். அதைச் சொல்லியாக வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

மறுநாள் பத்து மணிக்குக் கல்வெட்டு கூப்பிட்டனுப்பினார். அறையில் அனுபவமும் இருந்தான், இஸ்திரி போட்ட கோட்டில். இருவருக்கும் முன்னால் தேநீர். எனக்கும் ஒரு கோப்பை சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் எனக்கு வந்த முதல் தேநீர்.

மேஜைமேல் நீல நோட்டு திறந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வரியில் 'செய்தேன்' டிக்கின்மேல் ஒரு சுத்தமான கோடு. 'பார்த்தேன்' கட்டத்தில் புது டிக். ஓரத்தில் பொடி எழுத்தில் "பொறுப்பு நர்ஸ் தைத்ததைப் பார்த்தேன்." அடித்தலுக்குச் சின்னதாகத் தன் கையெழுத்தும் போட்டிருந்தான், முறையாக. தையல் போலவே அதுவும் நேர்த்தி.

"தம்பி எல்லாத்தையும் விளக்கிட்டார்" என்றார் கல்வெட்டு. குரலில் கருணை சொட்டியது. "கூட்டத்துல நீங்க தைக்கறது வழக்கம்தானே. நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. அதை யாரும் தப்பு சொல்லல. கேஸை அனுப்பிடலாம். கடிதம் ரெடி."

கடிதத்தைத் தள்ளினார். முதல் சிகிச்சை செய்தவர்: பொறுப்பு நர்ஸ். மேற்பார்வை: இல்லை, மருத்துவர் அலுவல் நிமித்தம் வெளியே. அதன் கீழே இன்னொரு தாள், என் பெயரில் விளக்கக் கடிதம், தட்டச்சு செய்து, அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு. 'அவசரத்தில் டெண்டனைச் சோதிக்கத் தவறினேன். வருந்துகிறேன்.' எனக்காக அவர்களே வருந்தியிருந்தார்கள்.

நான் அனுபவத்தைப் பார்த்தேன். அவன் தேநீரைப் பார்த்தான்.

"தம்பி, நான் தைச்சதைப் பார்த்தீங்களா?"

"சிஸ்டர், எப்படியும் அவருக்கு ட்ரீட்மென்ட் கிடைக்கணும். அதுதானே நம்ம ரெண்டு பேருக்கும் முக்கியம்?" என்றான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் எனக்குக் குமட்டியது. முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவனை நூறு பேர் பார்த்திருக்கிறேன். பொய்யைச் சொல்லிவிட்டு அதன் உருக்கத்தில் தானே நனைகிறவனை அன்றுதான் பார்த்தேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், போகும்போது தண்ணீரையும் ஆசீர்வதித்துவிட்டுப் போகிறது.

"போடலன்னா?" என்று கேட்டேன்.

"போடலன்னா விசாரணை வைக்கணும்" என்றார் கல்வெட்டு. "யாரு தைச்சா, யாரு பார்த்தா... ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் கேஸை அனுப்ப முடியாதே."

அன்று ஏழாம் நாள். அடுத்த மாதம் மேட்ரன் பதவிக்கு என் பெயர் முதலில் இருந்தது. அந்தத் தாள் என் கோப்பில் ஏறினால் அந்தப் பெயர் இறங்கும். நான் தியாகி இல்லை. அந்தப் பதவிக்காக ஆறு வருடம் இந்த மனிதருக்கு வணக்கம் வைத்தவள். பேனாவை வாங்கினேன். கோபத்தில் என்று சொல்லிக்கொள்ள ஆசை, பாதி பயம். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். தேநீரைத் தொடவில்லை.

வெளியே வரும்போது கல்வெட்டு யாரிடமோ போனில் சொல்வது கேட்டது: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." தலை அவருடையது, தலைப்பாகை நான்.

கண்ணாடிக்காரரும் மனைவியும் தையல் அறை வாசலில் காத்திருந்தார்கள். கடிதத்தைக் கொடுத்தேன்.

"இன்னிக்கே பஸ் ஏறுங்க. அங்க யாரு தைச்சாங்கன்னு கேட்டா, நர்ஸ்னு சொல்லுங்க."

அவர் முழித்தார். "தம்பிதானே சிஸ்டர் தைச்சாரு?"

"நான்தான்."

"எனக்குக் கைதான் வெட்டுப்பட்டுது. கண்ணு இல்ல."

மனைவி கடிதத்தை வாங்கினார், என் முகத்தைப் பார்த்தார், கணவர் விரலைப் பார்த்தார். அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது.

"ஏங்க, அக்கா தைச்சாங்கன்னா அக்காதான் தைச்சாங்க. நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

"கையில மரப்பு ஊசி போட்டா கண்ணு மயங்குமா?"

"மயங்கும். வாயை மூடிட்டு வாங்க, பஸ் போயிடும்."

போகும்போது அந்த அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்ல முடியாது, சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினார். நான் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டேன்.

அனுபவம் அதற்குப் பிறகு இரண்டரை வாரம் இருந்தான். தையல் அறைப் பக்கம் வரவில்லை. மீதி டிக்குகளை வேறு பிரிவில் பொறுக்கிக்கொண்டான். வழியனுப்பு விழாவில் கல்வெட்டு அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

"இங்க வரும்போது நான் வெறும் ஸ்டூடண்ட்" என்றான் அனுபவம், மைக்கைப் பிடித்துக்கொண்டு. "இந்த ஆறு வாரம் என்னை ஒரு டாக்டரா மாத்திடுச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூன்று வாரம் முன்னால் தையல் மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது ஒரு வரியைச் சுத்தமாக அடிக்கத் தெரியும், அடித்த இடத்தில் முறையாகக் கையெழுத்துப் போடத் தெரியும், நர்ஸைப் பார்க்காமல் தேநீர் குடிக்கத் தெரியும். முப்பது வருடம் கழித்து எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரிக்குத் தலைமை மருத்துவர் கிடைத்துவிட்டார்.

கை அறுவைப் பிரிவிலிருந்து போன் வந்தது அவன் கிளம்பியதற்கு மறுநாள். ஒரு பெண் டாக்டர், குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் வயது.

"கண்ணாடி கேஸ், கட்டைவிரல்... முதல்ல தைச்சது யாரும்மா?"

"நான்தான் டாக்டர்."

"ஸ்கின் தையல் அவ்வளவு அழகா போட்டிருக்கீங்க. உள்ளே ஒரு தடவ பார்த்திருக்கக் கூடாதா? எத்தனை வருஷ சர்வீஸ் உங்களுக்கு?"

"இருபத்திரண்டு."

பிறகு அவள் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். கணுவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நுனியை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும், மரப்பு ஊசி போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும், வலிக்கிறது என்று சொன்னாலும் விடக் கூடாது. ஒரு நிமிஷ வேலை. இனிமேல் டாக்டர் இல்லாமல் கை காயத்தைத் தொடாதீர்கள். நான் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்றேன். பக்கத்தில் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்த சின்ன நர்ஸ் எதற்கு இப்படிப் பணிவாகப் பேசுகிறேன் என்று பார்த்தாள்.

"இப்ப மடங்குதா டாக்டர்?"

"கட்டு இன்னும் எடுக்கல. ஆனா தைச்ச டெண்டன் விரல் நுனிய இழுக்குது. ஒன்பதாம் நாள் திறந்ததால முனை கிடைச்சுது. இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தா கஷ்டம்தான்."

"சரிங்க டாக்டர்."

"உங்களுக்கு வெட்கமா இல்லையாம்மா?" என்றாள். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இருக்குங்க டாக்டர்" என்றேன். அன்று பேசியதில் அது ஒன்றுதான் பொய் கலக்காதது.